கண்ணியின் மேல் ஊசி: திருப்பூர் பின்னலாடையில் கைத்தையலுக்கு இடம் உண்டா?

திருப்பூரில் ஒரு டி-ஷர்ட்டின் நெஞ்சில் பூப்போட வேண்டுமென்றால் அதற்கு ஒரு வழக்கமான பாதை இருக்கிறது. கட்டிங் முடிந்ததும் முன்பக்கத் துண்டுகள் மட்டும் பண்டல் கட்டப்பட்டு ஜாப் ஒர்க் எம்பிராய்டரிக் கூடத்துக்குப் போகும். அங்கே வரிசையாக இருபது தலைகள் கொண்ட இயந்திரம், இருபது துண்டுகளில் ஒரே நேரத்தில் ஒரே பூவைத் தைக்கும். துண்டுகளை எண்ணித் திரும்ப வாங்கி பவர் டேபிளுக்கு அனுப்பினால் அவை சட்டையாகும். மரபையும் நவீனத்தையும் இணைத்த உடை என்று வடிவமைப்பு மேடைகளில் அடிக்கடி பேசப்படுகிறது. ஆனால் மேற்சொன்ன பாதையில் மனிதக் கை எந்த இடத்தில் நுழையும் என்பது அங்கே பேச்சில் வருவதில்லை. தோடர் கோலத்தையோ ஆரிப் பூவையோ படமெடுத்து இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டால் இணைப்பு முடிந்தது என்றே பெரும்பாலும் கொள்ளப்படுகிறது.

திருப்பூரைப் பொறுத்தவரை இது அழகியலில் தொடங்கும் விஷயமாக எனக்குப் படவில்லை. முதலில் துணியின் அமைப்பைப் பார்க்க வேண்டும். அடுத்து விலைக் கணக்கைப் பார்க்க வேண்டும். எந்தக் கைத்தையல் பின்னல் துணியோடு ஒத்துப்போகும், எது போகாது என்று பிரித்தறிந்து, கைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதைக் கணக்கில் எழுதினால், கையும் இயந்திரமும் ஒன்றையொன்று நகலெடுக்காமல் ஒரே உடையில் இருக்க முடியும்.

இயந்திரம் வந்த வழி

எம்பிராய்டரி இயந்திரத்தின் வரலாறு தொடக்கத்திலிருந்தே கையைப் பின்தொடர்ந்த வரலாறு. 1828-இல் பிரான்சின் முல்ஹவுஸ் நகரில் ஜோசுவே ஹெய்ல்மன் உருவாக்கிய கருவியில், ஒருவர் ஒரு வரைபடத்தின் மேல் முள்ளை நகர்த்த, பல ஊசிகள் அதே அசைவைத் துணியில் செய்தன. இருபுறமும் கூரான, நடுவில் காது வைத்த அந்த ஊசிகள், கையால் தைப்பது போலவே துணிக்குள் முழுவதுமாகப் புகுந்து மறுபக்கம் வந்தன. 1863-இல் சுவிட்சர்லாந்தின் ஐசக் குரோப்லி இதை மாற்றினார். மேலிருந்து ஒரு நூல், அடியில் ஓடத்திலிருந்து இன்னொரு நூல் என இரண்டும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும் ஷிஃப்லி இயந்திரம் வந்தது. இன்றைய கணினி எம்பிராய்டரியும் இதே பூட்டுத்தையலில்தான் நிற்கிறது. ஜப்பானின் தஜிமா நிறுவனம் 1964-இல் பலதலை இயந்திரத்தைக் கொண்டுவந்தது. பின்னர் கணினி வந்தபோது, பூவின் ஒவ்வொரு ஊசிக்குத்தும் எங்கே விழ வேண்டும் என்பதைத் திரையிலேயே எழுதிவைக்கும் வேலை தனித்தொழிலானது. திருப்பூரில் அதற்குப் பஞ்சிங் என்று பெயர்.

திருப்பூரும் தன் பாதையில் வளர்ந்துகொண்டிருந்தது. 1925 வாக்கில் தொடங்கிய பனியன் உற்பத்தி, அரை நூற்றாண்டுக் காலம் உள்நாட்டு உள்ளாடையைச் சுற்றியே இருந்தது. 1978-இல் வெரோனா என்ற இத்தாலிய வணிகர் வெள்ளை டி-ஷர்ட்டுகளைத் தேடி வந்தது ஏற்றுமதிக்கு வாசலைத் திறந்தது. இன்று இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் இந்த வட்டாரத்திலிருந்து போகிறது. உடை நிறமும் அளவும் மாறி மாறிப் போன இடத்தில் பிரிண்டிங்கும் எம்பிராய்டரியும் மதிப்புக் கூட்டும் வேலைகளாகத் தனித்தனிப் பட்டறைகளில் பெருகின. ஆக, நவீனம் என்ற பாதி இங்கே ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. எதோடு, எப்படி அதைச் சேர்ப்பது என்பதுதான் மீதி.

துணியே வைக்கும் நிபந்தனை

தறித்துணியில் பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. ஊசிக்கு அங்கே நிலையான கட்டம் கிடைக்கிறது. எண்ணித் தைக்கலாம், இழுத்துத் தைக்கலாம். பின்னல் துணியில் அப்படிப்பட்ட கட்டம் கிடையாது. ஒரு கண்ணிக்குள் இன்னொரு கண்ணி கோத்து வருவதே அதன் உடல். இழுத்தால் கண்ணி அகலும், விட்டால் சுருங்கும். பனியன் உடலோடு ஒட்டி நிற்பதற்கும், தலை வழியாகப் போட்டுக் கழற்ற முடிவதற்கும் இந்தக் குணமே காரணம்.

இதன் மேல் பூட்டுத்தையல் விழும்போது சிக்கல் எழுகிறது. பூட்டுத்தையல் நீளாது. 160 அல்லது 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு கிராம்) எடையுள்ள சிங்கிள் ஜெர்சியில் நெருக்கமாக நிரப்பிய ஒரு பூவைத் தைத்தால், பூ அட்டைபோல் விறைத்து நிற்கும். அதைச் சுற்றிய துணி சுருங்கிச் சுளிக்கும். கூரான ஊசி கண்ணியின் நூலை அறுத்தால் முதல் சலவையில் ஓட்டை தெரியும். திருப்பூர் கூடங்கள் இதற்கெல்லாம் தீர்வு கண்டு வைத்திருக்கின்றன. நூலைக் குத்தாமல் விலக்கிச் செல்லும் பால் பாயிண்ட் ஊசியைப் போடுகிறார்கள். துணிக்கு அடியில் நான்-ஓவன் பேக்கிங் வைக்கிறார்கள். தையல்களுக்கு இடையிலுள்ள இடைவெளியை வழக்கமான 0.4 மில்லிமீட்டரிலிருந்து கொஞ்சம் தளர்த்துகிறார்கள். பூவுக்கு அடியில் முதலில் ஒரு மெல்லிய அடித்தையல் ஓட்டித் துணியைப் பேக்கிங்கோடு பிடிக்கிறார்கள். குழந்தை உடையாக இருந்தால், தோலில் உறுத்தாமலிருக்கப் பின்பக்கத்தில் மெல்லிய ஃபியூசிங் ஒட்டுகிறார்கள். இத்தனையும் ஒரே நோக்கத்துக்குத்தான்: பின்னல் துணி சிறிது நேரம் தறித்துணியைப் போல் நடந்துகொள்ள வேண்டும்.

ஆனால் இதே திருப்பூர் சட்டையை மூட்டும்போது வேறு விதமாக யோசிக்கிறது. ஓவர்லாக், ஃபிளாட்லாக் ஆகிய மூட்டுகளில் நூல்கள் கண்ணி கண்ணியாகக் கோத்துக்கொள்கின்றன. துணி நீளும்போது மூட்டும் நீள வேண்டும் என்பதற்காகவே அந்த இயந்திரங்கள் இங்கே கோலோச்சுகின்றன. பனியனின் பக்கவாட்டை சாதாரணப் பூட்டுத்தையலில் மூட்டி அனுப்ப எந்த கம்பெனியும் துணியாது. மூட்டில் கண்ணித்தையலின் தேவையை இவ்வளவு நன்றாக அறிந்த ஊர், பூத்தையலில் மட்டும் பூட்டுத்தையலோடு நின்றுவிட்டது. கைத்தையல் மரபுகளைத் தேடிப் போக வேண்டிய இடம் இதுதான்.

ஆரி, தோடர், லம்பாடி

கொக்கி போன்ற முனையுள்ள ஆரி ஊசி, அடியில் பிடித்த நூலைத் துணிக்கு மேலே கண்ணியாக இழுக்கிறது. அந்தக் கண்ணிக்குள் அடுத்த கண்ணி. சங்கிலித்தையல் என்று சொல்லும் இந்த வேலைக்கும் பின்னல் துணிக்கும் அடிப்படை அமைப்பு ஒன்றே. கட்ச் பகுதியில் தோல்வேலை செய்த மோச்சி சமூகத்தாரின் கையில் இது பட்டிலும் பருத்தியிலும் உயர்ந்த கலையானது. குஜராத்தின் சங்கிலித்தையல் துணிகள் 17-ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவுக்குப் போயின. 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பெண்கள் மத்தளம்போல் விறைத்த சட்டத்தில் கொக்கி ஊசியால் தைக்கத் தொடங்கினர். 1865-இல் பிரான்சின் அந்துவான் பொன்னாஸ் அந்தக் கொக்கியையே இயந்திரத்தில் பொருத்தினார். சங்கிலித்தையலையும் புசுபுசுவென்ற செனில் தையலையும் போடும் இன்றைய எம்பிராய்டரி இயந்திரங்கள் இந்த வழியில் வந்தவை. கையின் ஆரியும் இயந்திரத்தின் சங்கிலித்தையலும் உறவுக்காரர்கள் என்பதால், இரண்டையும் ஒரே பூவில் சேர்ப்பது ஒட்டுவேலையாகத் தெரியாது.

மேலும் ஆரி தெரிந்த கைகளைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. கல்யாண பிளவுஸ் மோகத்தால் தமிழகத்தின் சிறு நகரங்களில்கூட ஆரி வகுப்புகள் நடக்கின்றன. வீட்டில் ஸ்டாண்ட் போட்டுத் தைக்கும் பெண்கள் கொங்கு வட்டாரத்தில் ஏராளம். இவர்கள் தைப்பது பட்டிலும் தறித்துணியிலும். பின்னல் துணிக்கு அப்படியே வந்தால் இடறும். சட்டத்தில் துணியை விறைப்பாக இழுத்துக் கட்டித் தைத்துவிட்டு அவிழ்த்தால், துணி பழைய அளவுக்குச் சுருங்கிப் பூவும் கூடவே சுளிக்கும். கொக்கி முனை கண்ணியைப் பிடித்து இழுத்துவிடும் அபாயமும் உண்டு. சட்டத்தில் பேக்கிங்கை மட்டும் இழுத்துக் கட்டி, அதன் மேல் பின்னல் துணியை இழுக்காமல் பரப்பி ஓரம் பிடித்துவிட்டுத் தைத்தால் சுளிப்பு குறையும். சிங்கிள் ஜெர்சியை விட இன்டர்லாக், பிக்கே போன்ற கனத்த பின்னல்கள் இதற்கு நிதானமாக ஒத்துழைக்கும். இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும்: ஒற்றை நூல் சங்கிலியின் கடைசிக் கண்ணி பூட்டப்படாவிட்டால், ஒரே இழுப்பில் மொத்தப் பூவும் அவிழும். இயந்திரம் போட்ட சங்கிலித்தையலுக்கும் இதே விதிதான்.

நீலகிரியின் தோடர் பூத்தையல் வேறு வகை. கெட்டியான வெள்ளைப் பருத்தித் துணியில், வரைபடமோ அச்சோ இல்லாமல் இழைகளை எண்ணி எண்ணி சிவப்பு, கறுப்பு நூலால் பெண்கள் தைக்கிறார்கள். பூத்துக்குளி என்னும் மேலாடையில், நெய்யும்போதே வந்த சிவப்பு கறுப்புப் பட்டைகளுக்கு இடையே இந்த வேலை அமைகிறது. முடிந்த துணியைப் பார்த்தால் தறியிலேயே நெய்தது போலிருக்கும். இந்தக் கலையின் உயிரே பாவையும் ஊடையையும் எண்ணுவதில் இருக்கிறது. எண்ணுவதற்கு இழை இல்லாத ஜெர்சியில் அதற்கு வேலை இல்லை. நீரில் கரையும் எண்ணு-துணியை மேலே வைத்துத் தைத்துவிட்டுக் கழுவிவிடலாம் என்று ஒரு நுட்பம் உண்டு. ஆனால் அடியிலுள்ள துணி நீளும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கறாரான வடிவியல் கோணலாகும். தோடர் வேலைக்கு நேர்மையான இடம், தறித்துணியில் அவர்கள் தைத்த ஒரு துண்டைச் சட்டைப்பையாகவோ தோள்பட்டையாகவோ பின்னலாடையில் பொருத்துவது. அப்போதும் சிவப்புச் சாயம் வெள்ளையில் இறங்குகிறதா என்ற சலவைச் சோதனையில் அந்த நூல் முன்கூட்டியே தேற வேண்டும்.

மூன்றாவது, லம்பாடி சமூகப் பெண்களின் தையல். தருமபுரி மாவட்டத்தின் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில், மூத்த பெண்கள் சிலரின் கையில் மட்டும் எஞ்சியிருந்த இந்தக் கலையை இளையவர்களிடம் கொண்டுசேர்க்கும் முயற்சி, மருத்துவர் லலிதா ரெஜியின் ஊக்கத்தோடு தொடங்கிப் 'போர்கை' என்ற கைவினைஞர் அமைப்பாக வளர்ந்தது. பிழைப்புக்காகத் திருப்பூருக்குப் பஸ் ஏறுவோர் நிறைந்த மாவட்டம் அது; அங்கே ஊரிலிருந்தபடியே ஊசியால் சம்பாதிக்க ஒரு வழி பிறந்தது. லம்பாடி வேலையில் பல தையல் வகைகள் கலந்து வரும். அவற்றில் ஓட்டுத்தையலைச் சார்ந்தவை பின்னலுக்கு நன்றாகப் பொருந்தும். நூலைச் சற்றுத் தளர விட்டால் துணியோடு சேர்ந்து அசையும். கண்ணாடி பதிப்பது பொருந்தாது. மெல்லிய ஜெர்சி அந்தக் கனத்தைத் தாங்காமல் தொங்கிவிடும்.

இங்கே ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். நாம் மரபு என்று சொல்வதெல்லாம் தொன்றுதொட்டு இம்மண்ணில் இருந்ததல்ல. நாகர்கோவில் வட்டாரத்தின் லேஸ் வேலை 1820-களில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் தொடங்கிய பள்ளியிலிருந்து வந்தது. அந்நியமாக வந்த ஊசிவேலை இரண்டு மூன்று தலைமுறைகளில் அவ்வூர்ப் பெண்களின் சொந்தத் தொழிலானது. எனவே பின்னல் துணிக்கென்றே ஒரு புதிய கைத்தையல் முறை திருப்பூரில் உருவானால் அது மரபுக்கு எதிரானதாகாது.

அலபாமா சொல்லும் பாடம்

பின்னல் துணியில் கைத்தையலை வைத்தே ஒரு தொழில் நடத்த முடியுமா என்பதற்கு விடை அமெரிக்காவில் இருக்கிறது. அலபாமா மாநிலத்தின் ஃபுளோரன்ஸ் நகரம் ஒரு காலத்தில் டி-ஷர்ட் தயாரிப்புக்குப் பேர்போனது. 1994-இல் வட அமெரிக்கச் சுதந்திர வணிக ஒப்பந்தம் வந்தபின் ஆலைகள் கூலி குறைந்த நாடுகளுக்குப் பெயர்ந்தன. 2000-இல் நியூயார்க்கில் இருந்த அவ்வூர்ப் பெண் நட்டாலி சானின், பழைய டி-ஷர்ட்டுகளை வெட்டிக் கையால் தைத்து, ஒன்றுபோல் ஒன்றில்லாத 200 சட்டைகள் செய்யும் திட்டத்தோடு ஊர் திரும்பினார். மெத்தைவிரிப்பு தைத்துப் பழகிய உள்ளூர்ப் பெண்களும் அந்த வேலையில் சேர்ந்தனர். 2006-இல் அது அலபாமா சானின் என்ற நிறுவனமானது.

அவர் தேர்ந்தெடுத்த நுட்பம் கவனிக்கத்தக்கது. இரண்டு அடுக்கு பருத்தி ஜெர்சி. மேலடுக்கில் ஸ்டென்சிலால் அச்சிட்ட வடிவம். அதன் ஓரத்தில் தடித்த நூலால் ஓட்டுத்தையல். பிறகு வடிவத்தின் உட்பகுதியை வெட்டி எடுத்தால் அடியடுக்கின் நிறம் வெளித்தெரியும். வெட்டிய ஓரத்தை மடித்து அடிப்பதில்லை. தறித்துணியைப் போல் நூல் நூலாகப் பிரிந்து வராமல் ஜெர்சியின் ஓரம் தானே சற்றுச் சுருண்டு நிற்கும். அந்தச் சுருளே அலங்காரம். திருப்பூர் கட்டிங் மேசையில் தொல்லையாகப் பார்க்கப்படும் ஒரு குணம் அங்கே வடிவமைப்பாக மாறியிருக்கிறது. அச்சும் வெட்டும் ஒரே அளவில் திரும்பத் திரும்ப நடக்கும். தையல் மட்டும் வீட்டிலிருக்கும் பெண்களின் கையில். டி-ஷர்ட் தொழில் கைவிட்ட ஊரில், டி-ஷர்ட் துணியே பல மடங்கு விலைக்குப் போகும் உடையானது.

திருப்பூர் இதை அப்படியே பின்பற்ற முடியாது. சானினுடையது சிறு எண்ணிக்கை உடைகளின் உலகம். இங்கே ஓர் ஆர்டர் என்றால் பத்தாயிரம் துண்டு. அந்த இடத்தில்தான் கணக்கு வருகிறது.

தையல் எண்ணிக்கையும் நிமிடமும்

இயந்திர எம்பிராய்டரிக்குக் கூலி, ஆயிரம் ஊசிக்குத்துக்கு இவ்வளவு என்று போகிறது. ஒரு நெஞ்சுப் பூவுக்கு 8,000 குத்து என்றும், நிமிடத்துக்கு 800 குத்து வேகம் என்றும் வைத்துக்கொள்வோம். ஓட்டம் 10 நிமிடம். இருபது தலை இயந்திரம் மணிக்கு 120 துண்டு தரலாம். ஃபிரேம் மாற்றுவதும் நூல் அறுந்து நிற்பதும் போக அதில் ஒரு பகுதி குறையும். கைக்கு இந்த அலகு பொருந்தாது. ஆரிப் பெண் ஆயிரம் கண்ணிக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் இயந்திரத்தோடு ஓடித் தோற்பதைத் தவிர வேறு முடிவில்லை.

அலகை மாற்றிப் பார்க்கலாம். முழுப் பூவும் கையால் என்றால் துண்டுக்கு 3 மணி நேரம் பிடிக்கும் எனக் கொள்வோம். பத்தாயிரம் துண்டுக்கு 30,000 மணி நேரம். 50 பெண்கள் நாளுக்கு 4 மணி நேரம் தைத்தால் 150 நாள். எந்த பையரும் காத்திருக்க மாட்டார். அதே பூவில் நிரப்பு வேலையையும் வெளிக்கோட்டையும் இயந்திரம் செய்து, கண்ணுக்குப் படும் ஒரு தண்டையோ இதழ் விளிம்பையோ மட்டும் கைக்கு விட்டால், துண்டுக்கு 20 நிமிடம் போதும் என்று வைப்போம். அப்போது மொத்தம் சுமார் 3,333 மணி நேரம். அதே 50 பேருக்கு 17 நாள். ஏற்றுமதி ஆர்டரின் கால அட்டவணைக்குள் இது அடங்கிவிடும். கை செல்ல வேண்டிய தடத்தை நீரில் கரையும் நூலால் இயந்திரமே முன்கூட்டி ஓட்டிக் கொடுத்தால், டிரேசிங் வேலை மிச்சமாகும்; சலவையில் அந்தத் தடம் மறைந்துவிடும்.

இதற்குத் தேவையான அலகு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதுமில்லை. பவர் டேபிளில் ஒரு சட்டைக்கு எத்தனை நிமிடம் என்பதை வைத்துத்தான் பெரிய கம்பெனிகள் விலை போடுகின்றன. அதே தாளில் கைத்தையலுக்கு என்று ஒரு வரி எழுதி, சாம்பிள் கட்டத்திலேயே பலரைத் தைக்கச் சொல்லி நேரம் பார்த்து, குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத நிமிட விலையைப் போட வேண்டும். இந்த வரி இல்லாத காஸ்டிங்கில் கைத்தையல் சேர்ந்தால், அந்த நேரத்தின் நட்டத்தைச் சுமப்பவர் கடைசியில் தைக்கும் பெண்தான்.

ஊசிப் பதிவேடும் வீட்டு வாசலும்

கணக்கு சரியானாலும் இரண்டு தடைகள் மிச்சம். முதலாவது, பாதுகாப்பு. ஏற்றுமதி கம்பெனியில் ஓர் ஊசி உடைந்தால் துண்டுகளையெல்லாம் தேடி எடுத்துப் பதிவேட்டில் ஒட்டிய பின்தான் புது ஊசி கிடைக்கும். குழந்தை உடைகள் பெட்டியில் அடுக்கப்படும் முன் நீடில் டிடெக்டர் வழியே போகின்றன. உலோகச் சரிகை, ஜர்தோசிச் சுருள், உலோக மணி ஆகியவற்றில் இரும்பு கலந்திருந்தால் அந்தக் கருவி கூவும். மணி கழன்றால் குழந்தை விழுங்கும் அபாயமும் சேரும். கல்யாண பிளவுஸின் பகட்டை அப்படியே எடுத்து வர முடியாது என்பதற்கு இது போதுமான காரணம். பின்னலாடைக்குப் பொருந்தும் கைத்தையல் நூலை மட்டுமே நம்பியதாக இருக்க வேண்டும்.

இரண்டாவது தடை வீடு. அனுமதியில்லாத துணை ஒப்பந்தத்தையும் வீட்டு வேலையையும் பல பையர்கள் தடுக்கிறார்கள். பூட்டிய கதவுக்குப் பின்னால் குழந்தைகள் தைக்கிறார்களா, கூலி ஒழுங்காகப் போகிறதா என்று தணிக்கையில் காட்ட முடியாது என்பதே அவர்களின் அச்சம். ஆனால் தடையால் வீட்டு வேலை ஒழிவதில்லை. கணக்கில் வராமல் மறைகிறது. வீட்டுத் தொழிலாளருக்கும் மற்றவருக்குச் சமமான நடத்தை வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 177-ஆம் உடன்படிக்கை 1996-லேயே சொன்னது; இந்தியா அதை இன்னும் ஏற்று ஒப்பமிடவில்லை. 2017-இல் ஓஇசிடி வெளியிட்ட ஆடைத்துறை வழிகாட்டியும் வீட்டுத் தொழிலாளரை விலக்கி வைக்கச் சொல்லவில்லை. அவர்களைப் பதிவு செய்து விநியோகச் சங்கிலிக்குள் கொண்டுவருவதையே பரிந்துரைக்கிறது. தாளில் பெயர், எடுத்துச் சென்ற துண்டு, நேரம், கூலி என எல்லாம் பதிவாகும் பொதுத் தையல் மையத்தை ஊருக்கு ஒன்றாக நடத்தினால், எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கும் எம்பிராய்டரிக் கூடத்தின் ஒழுங்கையே கைத்தையலுக்கும் நீட்டலாம். ஊசிப் பதிவேடும் அங்கேயே இருக்கும்.

பெயர் யாருக்குச் சொந்தம்

தோடர் பூத்தையலுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1999-இல் இயற்றப்பட்டு 2003-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, அந்தப் பெயரை அம்மரபுக்கு வெளியே செய்த பொருளுக்கு வைத்து விற்கக்கூடாது. ஆனால் பெயரைச் சொல்லாமல் வடிவத்தை மட்டும் பஞ்சிங் செய்து பத்தாயிரம் டி-ஷர்ட்டில் தைப்பவரைத் தடுக்க அந்தக் குறியீடு எளிதில் உதவாது. அங்கே சட்டத்தைவிட வடிவமைப்பாளரின் முடிவே முக்கியமாகிறது. அந்தக் கோலம் வேண்டுமென்றால் அதைத் தைக்கும் பெண்களிடம் துண்டு வாங்க வேண்டும். வாங்க முடியாவிட்டால் வேறு கோலத்துக்குப் போக வேண்டும். இயந்திர நகல், கைவேலையின் விலையைக் கீழே இழுக்கிறது என்பதால் இதை வெறும் நாகரிகப் பிரச்சினையாக ஒதுக்க முடியாது.

இத்தனைக்கும் மெனக்கெட வேண்டிய காரணம் சந்தையில் இருக்கிறது. வங்கதேசத்தின் ஆடைகள் வரியின்றி ஐரோப்பாவுக்குள் நுழைகின்றன. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீது 50 சதவீதம் வரை வரி விதித்தபோது, சாதாரண டி-ஷர்ட்டை மட்டும் நம்பியிருப்பதன் ஆபத்தைத் திருப்பூர் நேரில் கண்டது. விலையில் போட்டியிட முடியாத இடத்தில் வேறொன்றைக் காட்ட வேண்டும் என்ற பேச்சு அதன்பின் வலுத்திருக்கிறது. கைத்தையல் அதற்கொரு விடையாகலாம். ஆனால் விளம்பரப் பலகைக்கான அலங்காரமாக அது வந்தால் ஒரு சீசனுக்கு மேல் தாங்காது. 1997 முதல் திருப்பூரில் பின்னலாடை வடிவமைப்பைக் கற்பிக்கும் நிஃப்ட்-டீ கல்லூரி போன்ற இடங்களில், ஆரியையும் ஓட்டுத்தையலையும் பட்டுக்கென்றே சொல்லிக்கொடுக்காமல் ஜெர்சியிலும் இன்டர்லாக்கிலும் சோதித்துப் பார்க்கும் பாடமாக்கலாம். எந்தத் தையல் எந்த ஜிஎஸ்எம் துணியில் எத்தனை சலவை தாங்கியது, எத்தனை நிமிடம் எடுத்தது என்ற அட்டவணை ஒன்று கையில் இருந்தால், மெர்ச்சண்டைசர் பையரிடம் கதை சொல்ல வேண்டியிருக்காது; கணக்குச் சொல்லலாம். திருப்பூர் எப்போதும் நம்பியதும் பையர்கள் எப்போதும் கேட்டதும் அதைத்தான்.